நண்டுக்கோதும் வேப்பம்பிசினும்

மகன், இதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நான் கத்துவேன், நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்னிடம் "சாப்பிட்டிட்டன், நல்லாயிருக்கிறன், இஞ்சை ஒரே மழை" என்று கதைத்திருக்கிறாய். பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றேன், கடை பூட்டுகிறார்கள் என்றாய். அது ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி என்றும், உனக்கு டெங்கு என்றும் நேற்று உன்னைக் கட்டப்போகிற பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மாமி, உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். எனக்கே காய்ச்சல் விட்ட பிறகுதான் சொன்னவர்" என்றாள். அவளுடைய குரலில் கோபம் இருந்தது. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தை பிறந்தால் உனக்குக் கலியாணம். அதற்கு முன் உனக்கு உன் அப்பாவின் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அவரிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். கேட்டால் விடமாட்டார்.

யாழ்ப்பாணத்தில் சண்டையும் பொருளாதாரத் தடையும் இருந்த அந்த வருடங்களில் நீ சின்னப் பிள்ளை. உனக்கு என்ன ஞாபகம் மிச்சம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு இப்போது நினைத்துப் பார்த்தால் அது முழுவதும் ஒரே நீண்ட விடியற்காலமாகத் தெரிகிறது, வெளிச்சம் வந்தும் வராத மாதிரி. மின்சாரம் இல்லை. றோட்டில் மோட்டார் சத்தம் இல்லை, சைக்கிள் சங்கிலிகளின் சத்தமும் காகங்களும்தான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அதில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கின் முன்னால் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரசாயனவியல் தாள்களைத் திருத்துவேன். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் ஊர் மூச்சை அடக்கும். அது போனதும் பக்கத்து வீட்டில் மா இடிக்கும் சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். குருநகரில் அப்பாவின் வீட்டில் ஷெல் விழுந்து கூரை போய்விட்டது. அளவெட்டியில் என் அம்மா வீட்டில் கரையாரப் பகுதியிலிருந்து வந்த வேதக்கார, கிறிஸ்தவ மருமகனுக்கு இருக்கக் கதிரை போடுவார்களே தவிர படுக்கப் பாய் போடமாட்டார்கள். ஆகவே கோண்டாவிலில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில், வேப்பமரம் நின்ற ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். படகு எஞ்சின் திருத்துகிற உன் அப்பாவுக்கு வேலையும் இல்லை. எரிபொருள் இல்லை, கடலுக்கு இறங்கவும் விடமாட்டார்கள். அவர் சைக்கிள் திருத்தினார், செத்துப்போன பற்றரிகளுக்கு ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டு உயிர் கொடுத்தார். அயலில் பாதிப் பேரின் றேடியோ அவருடைய உப்பில்தான் பாடியது.

பிறகு இருமல் வந்தது. முதலில் தூசி என்றார், பிறகு பனி என்றார், பிறகு துணியில் இரத்தம் பட்டதும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே சளியைப் பார்த்துவிட்டுக் கசம், அதாவது காசநோய் என்றார்கள். மருந்துக் குளிசை கிடைத்தது. தினமும் போடவேண்டும், மாதக்கணக்கில் விடாமல் போடவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். கப்பல் வந்தால் மருந்து, வராவிட்டால் இல்லை என்றிருந்த காலத்தில் அது கிடைத்ததே பெரிய புண்ணியம் என்று நான் நினைத்தேன். ஆனால் மாதங்கள் போயும் அவர் தேறவில்லை. கழுத்தெலும்பு வெளியில் தெரிந்தது, பின்னேரமானால் காய்ச்சல். டொக்டர் நல்ல மனிதர், களைத்துப்போன மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்.

"ரீச்சர், குளிசை ஒழுங்காப் போட்டிருந்தால் இந்த நேரம் சளியிலை கிருமி இருக்கக் கூடாது."

"தவறாமல் போடுறார், டொக்டர். நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான்."

"அப்ப கிருமி மருந்துக்குப் பழகிவிட்டுது. இதுக்கு மேலை இஞ்சை என்னட்டை மருந்தில்லை. கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்."

கொழும்புக்கு என்றால் கிளாலியில் வள்ளம் ஏறி, கடற்படையின் கண்ணில் படாமல் இருட்டில் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். அந்தப் பாதையில் போனவர்கள் எல்லோரும் போய்ச் சேரவில்லை என்பது உனக்குப் பிறகு தெரிந்திருக்கும். இருமலை அடக்க முடியாத ஒரு மனிதனை, சத்தம் காட்டக்கூடாத ஒரு வள்ளத்தில் ஏற்றுவதை நினைத்துப் பார். போனால் வழியில் போய்விடுவார், போகாவிட்டால் வீட்டில் போய்விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து கோண்டாவிலுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன்.

வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கிருமி பழகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஆனால் குளிசையே பழுதாகியிருந்தால்? எத்தனை வெயிலில், எத்தனை மழையில் கிடந்து வந்த குளிசையோ. பெட்டியில் பெயர் இருக்கும், உள்ளே மருந்து இருக்குமா என்று யார் கண்டது? கொழும்பில் என்றால் அதைப் பார்க்க இயந்திரம் இருக்கும். எங்களிடம் என்ன இருந்தது? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பழைய கல்வனோமானிப் பெட்டி இருந்தது, அதன் முள் மெல்லிய மின்னோட்டத்துக்கும் அசையும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தடைமாற்றி இருந்தது. மின்சாரத்துக்கு உன் அப்பாவின் உப்புப் பற்றரிகள் இருந்தன. கரைசலுக்குள் இறக்குகிற மின்வாய்க்குச் செத்த பற்றரிக்குள் காபன் கோல் இருந்தது. அந்த மருந்து மின்வாயில் ஒட்சியேறும், அதாவது அழுத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் ஓர் இடத்தில் தன் இலத்திரனை விடும், அப்போது முள் எழும்பும் என்று எனக்குத் தெரியும். வெறும் காபன் சரிவராது, அதன்மேல் ஒரு மெல்லிய பல்பகுதியப் படலம், பொலிமர் என்பார்கள், பூசினால் தேடுகிற பொருளை அது பிடித்துத் தரும் என்று பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் எப்போதோ வாசித்திருந்தேன். அவர்கள் பூசியது ஏதோ விலை உயர்ந்த செயற்கைப் பொருள். அது எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. ஆனால் பல்பகுதியம் என்றால் என்ன? நண்டின் கோது ஒரு பல்பகுதியம். மரத்தின் பிசின் ஒரு பல்பகுதியம். இயற்கை அதைக் கூடை கூடையாகச் செய்து குப்பையில் போடுகிறது.

குருநகரில் உன் மாமி, அப்பாவின் சகோதரி, ஒரு கடகம் நிறைய நண்டுக்கோது தந்தாள். சைவக்காரி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாளே என்று கண்ணில் சிரிப்பு அவளுக்கு. வீட்டு முற்றத்தில் கழுவிக் காயவைத்து, அமிலத்தில் ஊறவிட்டு அதன் சுண்ணாம்பைப் போக்கி, பிறகு ஆய்வுகூடத்தில் போத்தலின் அடியில் மிஞ்சிக் கிடந்த எரிசோடாவில் போட்டு நாள் முழுக்க அவித்தேன். அந்த மணம் வேலி தாண்டியது. வீட்டுக்காரி, பழுத்த சைவம், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், வெள்ளிக்கிழமையும் நண்டோ?"

"சமைக்கேல்லை அக்கா. மருந்துக்கு."

"நல்ல மருந்து. நாங்கள் வீட்டை விட்டு ஓடுறதுக்கோ?"

கடைசியில் கிடைத்தது வெள்ளை வெள்ளையாகக் கொஞ்சம் செதில். கைற்றோசான் என்று அதற்குப் பெயர். புளித்த கள்ளு வினாகிரியில் போட்டதும் அது கரைந்து கஞ்சி போல வந்தது. காபன் கோலின் நுனியைத் தேய்த்து மினுக்கி, அதில் ஒரு துளி தொட்டு, வெயிலில் காயவைத்தேன். கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்கிற மின்வாய்க்கு வெள்ளி வேண்டியிருந்தது. உன் அரைஞாண்கொடியில் ஒரு துண்டை வெட்டினேன். நீ அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரிகிற வயது. இருந்தாலும் வெட்டும்போது எனக்குக் கை கூசியது.

முதலில் குளிசையைச் சோதித்தேன். ஒன்றை அரைத்துக் கரைத்து, மின்வாய்களை இறக்கி, தடைமாற்றியை மெதுவாகத் திருப்பினேன். முள் கொஞ்ச நேரம் தூங்கியது, பிறகு ஓர் இடத்தில் நித்திரையால் எழும்பிய பிள்ளை மாதிரி மெல்ல நிமிர்ந்தது. ஆய்வுகூடத்தில் தூய மருந்து இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் வேறொரு பெட்டியிலிருந்து வாங்கிய குளிசையிலும் முள் அதே இடத்தில் அதே அளவுதான் எழும்பியது. குளிசை நல்ல குளிசை. அப்படியென்றால் கிருமிதான் பழகிவிட்டதா? கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது, மருந்து அவருடைய உடம்புக்குள் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. விடிய முதல் சிறுநீரை ஒரு போத்தலில் தரச்சொன்னேன்.

உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும். "கலியாணம் கட்டேக்கை உங்கடை ஆக்கள் சாதகம் பாக்க வேணும் எண்டவை. நீர் சலம் பாக்கிறீர், ரீச்சர்" என்றார். ஆனாலும் தந்தார். அதைத் தொட்டதும் முள் பாய்ந்து எழும்பியது. குளிசைக் கரைசலைவிட உயர எழும்பியது. மருந்து நிறைய இருக்கிறது. மருந்து நல்ல மருந்து, உடம்பிலும் ஏறுகிறது, அப்படியும் நோய் மாறவில்லை என்றால் டொக்டர் சொன்னதுதான் சரி, கிளாலிதான். நான் அவருடைய உடுப்புகளைத் துவைத்து மடிக்கத் தொடங்கினேன். மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. என் மாணவிகளில் யாராவது இப்படி ஒரு முடிவை எழுதியிருந்தால் நான் சிவப்பால் வெட்டியிருப்பேன். மருந்து இல்லாத ஒரு மாதிரியை நான் சோதிக்கவே இல்லை. வீட்டில் மருந்து போடாத ஆள் வேறு யார்? நான்தான். என்னுடையதை எடுத்து வைத்துத் திருப்பினேன். முள் அதே இடத்தில், அதே உயரத்துக்குப் பாய்ந்தது. ஒரு குளிசையும் போடாத எனக்குள்ளும் அவ்வளவு மருந்து.

சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த முள் காட்டியது மருந்தை அல்ல, எல்லோருடைய சிறுநீரிலும் இருக்கிற யூரிக் அமிலத்தை. நண்டுக்கோதுப் படலம் நேரேற்றம் உடையது, எதிரேற்றம் உள்ள அந்த அமிலத்தை வா வா என்று கூப்பிட்டு மடியில் இருத்தியிருக்கிறது. மகன், இந்த ஒன்றை மட்டும் நான் உன் கலியாணத்துக்குச் சீதனமாகத் தருகிறேன் என்று வைத்துக்கொள். அவளில் ஏதாவது பிழை கண்டாய் என்றால், வாயைத் திறக்குமுன் அதே முள்ளுக்குக் கீழே நீ ஒருதரம் போய் நில். முள் உனக்கும் அவ்வளவு எழும்புகிறதா என்று பார். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். நானும் உன் அப்பாவும் அப்படி எத்தனையோ சண்டையை முடித்திருக்கிறோம், முடிக்காமலும் இருந்திருக்கிறோம்.

யூரிக் அமிலத்தை வாசலில் மறிக்க எதிரேற்றம் உள்ள ஒரு படலம் வேண்டும். முற்றத்து வேப்பமரத்தில் அம்பர் நிறத்தில் பிசின் வழிந்து காய்ந்து கிடந்தது. அது அமிலத்தன்மை உள்ள பிசின், சரிவரும் என்று தோன்றியது. உடைத்துக் கரைத்துப் பூசினேன். தண்ணீரில் இறக்கியதும் கரைந்து போய்விட்டது. நண்டுக்கோதுப் படலம் நிற்கும், ஆனால் வேண்டாததைக் கூப்பிடும். பிசின் வேண்டாததைத் துரத்தும், ஆனால் நிற்காது. பிறகு கோதுப் படலத்தின் மேலேயே பிசினைப் பூசினேன். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. ஒன்று நேர், மற்றது எதிர், பிடித்துக்கொள்ளத்தானே செய்யும். தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்தும் அசையவில்லை. இதை உன் அப்பாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் யோசித்துவிட்டு, "கீழை குருநகர், மேலை அளவெட்டி. எங்கடை வீடு மாதிரி" என்றார். "விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். உள்ளுக்குள் அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

புது மின்வாயில் என்னுடையதைச் சோதித்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதில் கொஞ்சம் குளிசைத் தூள் கலந்து பார்த்தேன், எழும்பியது. இனி அது பொய் சொல்லாது. மறுநாள் விடிய அவருடையதை வைத்தேன், முள் எழும்பியது, மருந்து இருந்தது. அடுத்த நாள் விடியவும் வைத்தேன். முள் அசையவில்லை. மின்வாய் கெட்டுவிட்டதோ என்று குளிசைக் கரைசலில் வைத்தேன், நன்றாக எழும்பியது. அதற்கடுத்த நாள் அவருடையதில் மறுபடி மருந்து இருந்தது. அதற்கடுத்த நாள் இல்லை. அந்த விடியற்காலைகள் எனக்கு இப்போதும் கனவில் வரும். வேப்பம்பூ மணக்கும், கிணற்றில் யாரோ அள்ளுகிற சத்தம், சாம்பல் வெளிச்சம், கண்ணாடிக்குள் அந்த முள். ஒருநாள் எழும்பும், ஒருநாள் எழும்பாது, யாரோ கதவடியில் வந்து நின்று உள்ளே வராமல் திரும்பிப் போகிற மாதிரி. கிருமி ஒன்றும் படிக்கவில்லை. மருந்தும் பழுதில்லை. மனிதர்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் கோபக்காரி என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கத்தவில்லை. அவர் பின்வளவில் ஒரு சைக்கிள் சில்லை நேராக்கிக்கொண்டிருந்தார், போய் முன்னால் குந்தினேன்.

"நேற்றுக் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"மெய்யே?"

சில்லைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உம்மடை பெட்டி சொல்லிப்போட்டுதோ?"

"சொல்லிப்போட்டுது. போடாத குளிசை எங்கை?"

எழும்பிப் போய், சமையலறைப் பரணில் இருந்து பனங்கட்டி வைக்கிற சின்ன ஓலைக் குட்டான் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றி, மழை ஈரம் படாமல் மெழுகுதிரியால் வாய் ஒட்டி, குளிசைகள். அவ்வளவு கவனமாகச் சுற்றியிருந்தது.

"இதென்ன வேலை?"

"கடலுக்குப் போகேக்கை தண்ணிக் குடத்திலை பாதியைத் தொடமாட்டம், ரீச்சர். எவ்வளவு தாகமெண்டாலும். அது திரும்பி வாறதுக்கு. காத்து மாறினால், எஞ்சின் நிண்டால், கரை தெரியுமட்டும் அதுதான் உயிர். அப்பு எனக்குப் பழக்கினது அதுதான். இஞ்சை கப்பல் எப்ப வரும், எப்ப வராது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் திரும்பி வாறதுக்கு எண்டு வைச்சனீங்களோ?"

அவர் சில்லை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "கடைசித் தண்ணி வள்ளத்திலை ஆக இளையவனுக்கு" என்றார். "அவனும் போன கிழமை இருமினவன். எனக்குக் கேட்டது. அவனுக்கு எண்டு வரேக்கை ஆஸ்பத்திரியிலை இல்லையெண்டு கையை விரிச்சால்?"

நீ மழையில் நனைந்து இருமினாய், மகன். சாதாரண தடிமன். இஞ்சித் தேத்தண்ணியில் போனது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதர் தன் உடம்பிலிருந்து பாதியைப் பிடுங்கி உனக்கென்று பரணில் வைத்திருக்கிறார். தியாகம் என்று நீ இதை நினைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது முட்டாள்தனம். நான் அவருக்கு அப்படியேதான் சொன்னேன். இது தண்ணி இல்லை, பாதி குடித்தால் பாதித் தாகம் போவதற்கு. பாதி மருந்தில் கிருமி சாகாது, மருந்தைப் பழகத்தான் செய்யும், பிறகு அந்தப் பழகின கிருமிதான் அதே வீட்டில் அதே பாயில் கிடக்கிற பிள்ளைக்கு வந்து சேரும், அப்போது குட்டான் நிறையக் குளிசை இருந்தும் ஒன்றும் செய்யாது. சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோனார். இருமிச் சாவதற்குப் பயப்படாத மனிதர், உனக்குத் தன்னால் வரும் என்றதும் முகம் வெளுத்துப்போனது. "அப்ப நான் கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்தினனானோ" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

டொக்டரிடம் குட்டானைக் கொண்டுபோய் வைத்தேன். குளிசைகளை எண்ணிப் பார்த்தார். கிருமி இன்னும் முழுக்கப் பழகியிருக்காது, முதலிலிருந்து தொடங்குவோம், கொழும்புக் கதையைப் பிறகு பார்ப்போம் என்றார். அன்றைக்கிருந்து ஒவ்வொரு நாள் விடியவும் உன் அப்பா போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் மின்வாயை இறக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிடக்கு" என்பேன், மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அவர் தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். எங்களுக்குள் அது ஒரு பூசை மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. கழுத்தில் தசை பிடித்தது. உன்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு அவர் றோட்டில் போவதைப் பார்த்து வீட்டுக்காரி, "அந்த நண்டு மருந்திலை எனக்கும் கொஞ்சம் தாரும் ரீச்சர், முழங்கால் உளையுது" என்றார்.

ஆனால் பற்றரிகள் செத்துக்கொண்டு வந்தன. நான் அவரிடம் கேட்டுக் கேட்டு உப்பு விட்டதில் அவற்றின் துத்தநாகக்கோது அரித்து ஓட்டையாகிவிட்டது, இனி எந்த உப்புக்கும் உயிர் வராது. புதுப் பற்றரி கொண்டுவரத் தடை. ஒருநாள் விடிய நான் தடைமாற்றியைக் கடைசிவரை திருப்பியும் முள் அசையவில்லை. அவர் எதிரில் நின்றார். இன்னும் மாதங்கள் குளிசை போடவேண்டிய மனிதர். முள் செத்துவிட்டது என்று தெரிந்தால் மறுபடி ஒன்றைப் பிடித்து வைக்கத் தொடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நான் முள்ளைப் பார்த்தேன், "கிடக்கு" என்றேன். மறுநாளும் சொன்னேன். அதற்குப் பிறகு டொக்டர் மருந்தை நிற்பாட்டும்வரை ஒவ்வொரு விடியலும் செத்த பெட்டி ஒன்றின் முன்னால் இருந்து நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். அந்த மாதங்கள் முழுக்கக் குளிசை போடுகிறாரா இல்லையா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் ஏலாது, கேட்டால் முள் செத்தது தெரிந்துவிடும். கடைசிச் சளிச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்ன அன்றைக்குத்தான் நான் முழு மூச்சு விட்டேன்.

நீ உன் காய்ச்சலை மறைத்தபோது அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று இப்போது விளங்குகிறதா? அவளுக்குப் பாரம் தரக்கூடாது என்று நினைத்தாய். செத்த முள்ளுக்கு முன்னால் இருத்திவிட்டாய். நோவு வந்தால் நோகுது என்று அவளிடம் சொல்லு. பயமென்றால் பயம் என்று சொல்லு. அவள் பயந்தால் பயப்படட்டும், அதற்குத்தான் கலியாணம் கட்டுகிறது. உனக்குள்ளே இருக்கிறதைப் பார்க்க அவள் நண்டுக்கோது அவிக்கமாட்டாள், அவள் வங்கியில் வேலை செய்கிற பிள்ளை.

இன்னும் ஒன்று. இராணுவம் வருகிறதென்று எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க எழும்பிக் கொடிகாமப் பக்கம் நடந்த அந்த மழைக்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ உன் புத்தகப் பையை விடமாட்டேன் என்று அழுதாய். அந்தப் பின்னேரம் நாங்கள் என்னத்தை எடுப்பது என்னத்தை விடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் கல்வனோமானியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். உன் அப்பா அதை வெளியில் எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் அரிசியை வைத்தார்.

"பள்ளிக்கூடத்துச் சாமான். விட்டிட்டு எப்பிடி வாறது?" என்றேன்.

"உதைச் சுமந்து என்ன? முள் அசைஞ்சே எவ்வளவு காலம்."

வெளியில் றோட்டு முழுக்கச் சனம் போகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"போன மாரியிலையே செத்துப்போச்சு. நீர் என்னட்டை உப்புக் கேக்கிறதை விட்டிட்டீர். அப்பவே தெரியும்." அவர் அரிசிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். "பயப்படாதையும். குளிசை எல்லாம் போட்டனான். ஒண்டும் பிடிச்சு வைக்கேல்லை."

"தெரிஞ்சுகொண்டும் பிறகேன் ஒவ்வொரு நாளும் போத்தலைக் கொண்டுவந்து வைச்சனீங்கள்?"

முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "முள் அசையாதுதான். ஆனா 'கிடக்கு' எண்டு சொல்லேக்கை உம்மடை முகம் கொஞ்சம் தெளியும். அதைப் பாக்கத்தான் வந்தனான்."